உப்புக்காற்று என்றுதான் சொன்னோம்

எங்கள் பஸ் டிப்போவில் ஓய்வுபெற்ற பழைய ஆட்கள் கூடும்போதெல்லாம் என்னைத்தான் பேச விடுவார்கள். கல்யாண வீட்டில் மைக் கிடைத்த மாமாவைப் போல நான் எதையாவது உளறுவேன், அவர்கள் சிரிப்பார்கள், அதற்குள் டீ வந்துவிடும். போன மாதம் கூடியபோது, இந்தக் காலத்துக் கார்களில் ஒரு கருவியைச் செருகினால் எந்த வயரில் என்ன கோளாறு என்று அதுவே சொல்லிவிடுவதைப் பற்றிப் பேச்சு வந்தது. "அண்ணே, அந்தக் காலத்துல கார் ஏ.சி.யெல்லாம் எப்படி ரிப்பேர் பண்ணீங்க? எழுதிக் குடுங்க, சங்கத்து மலர்ல போடலாம். சிரிப்பா இருக்கும்" என்றார்கள். உட்கார்ந்தேன். எழுத வந்தது என்னவோ சிரிப்பு இல்லாத ஒன்றுதான். என்னிடம் நகைச்சுவை எதிர்பார்த்தவர்கள் அடுத்த பக்கத்திலுள்ள சமையல் குறிப்புக்குப் போய்விடலாம்.

நான் பத்தாவதை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் பேப்பர் திருத்தியவர் ஒரே ஆள்தான் என்று இன்றுவரை சந்தேகப்படுபவன். வேறு வழியில்லாமல் செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரம் இருந்த மஸ்தான் பாயின் எலக்ட்ரிக் ஷெட்டில் சேர்ந்தேன். வேலை பழகிய காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஷாக் அடித்தது. ஒருமுறை ஃபியூஸுக்குப் பதிலாகச் சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாளைச் சுற்றி வைத்து, ஒரு டாக்டர் காரின் டேஷ்போர்டைப் புகைய வைத்தேன். பாய் திட்டவில்லை. "உனுக்கு நல்ல கற்பனை கீதுடா ஏகாம்பரம், சினிமாவுக்குப் போ" என்றார். போகவில்லை. முகம் ஒத்துழைக்கவில்லை. பின்னாளில் பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியன் வேலை கிடைத்து, அங்கேயே முடியைக் கொட்டி ஓய்வும் பெற்றேன். ஆனால் வேலை என்று நான் கற்றதெல்லாம் பாயின் ஷெட்டில்தான்.

மஸ்தான் பாய்க்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். பட்டாளத்து லாரிகளுக்கு வயரிங் பார்த்தவர். எல்லா மெக்கானிக்கும் வேலை முடிந்த பிறகு கை கழுவுவான். அவர் வேலை தொடங்குவதற்கு முன்னால் கழுவுவார். "கையில எண்ணெ இருந்தா கரண்டு உங்கிட்ட பொய் சொல்லும்" என்பார். அவரிடம் இருந்த பெரிய கருவி ஒரு பல்பு. லாரியின் பின்விளக்கிலிருந்து கழற்றிய பல்பில் இரண்டு வயரைப் பற்றவைத்தது. ஒரு வயரை எர்த்தில், அதாவது வண்டியின் இரும்பு உடம்பில் வைத்து, இன்னொன்றால் சந்தேகப்படும் இடத்தைத் தொடுவார். எரிந்தால் அதுவரை கரண்ட் வந்திருக்கிறது. எரியாவிட்டால் அதற்கு முன்னால் எங்கேயோ அறுந்திருக்கிறது. இவ்வளவுதான் அவருடைய விஞ்ஞானம்.

வண்டி கொண்டுவருபவர்கள் வந்தவுடன் என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று ஒப்பாரி வைப்பார்கள். பாய் கையைக் காட்டி நிறுத்துவார். "கெட்டத அப்புறம் சொல்லு நைனா. எப்ப நல்லா கீது, அத்த மொதல்ல சொல்லு." இது அவருடைய முதல் பழக்கம். ஆள் எந்த சீட்டில் உட்கார்ந்து குறை சொல்கிறாரோ அந்த சீட்டில் தானும் உட்கார்ந்து பார்க்காமல் ஒரு ஸ்குரூவையும் கழற்றமாட்டார். இது இரண்டாவது.

மூன்றாவது ஒன்று இருந்தது. அது ஷெட்டின் சட்டம். எஞ்சினில் இருக்கும் பொட்டைத் தொடக்கூடாது. எங்கள் பக்கத்து வண்டிகளில் பானெட்டைத் திறந்தால் ரேடியேட்டர், பேட்டரி, ஏர் ஃபில்டர் எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும் இருக்கும். பொட்டு இல்லாத எஞ்சின் வந்தால்தான் நாங்கள் நின்று பார்ப்போம். பாய் அதைச் சுற்றித் துடைப்பாரே தவிர, அதன்மேல் துணியைப் போடமாட்டார். "அவன் கும்புட்டு வெச்சது. நம்ம கை அதும்மேல எதுக்கு" என்பார். எங்களுக்கும் அது சரியாகவே பட்டது.

அந்தக் காலத்தில் ஏ.சி. கார் என்பது எங்கள் ஊரில் திருவிழாவுக்கு வரும் யானை மாதிரி. மாமல்லபுரம் பக்கத்து ஓட்டல்களுக்கு வெளிநாட்டுக்காரர்கள் வரும் ஒன்றிரண்டு வண்டிகள், அப்புறம் முதலாளி வேதாசலத்தின் கார். அவருக்கு மதுராந்தகத்தில் கடலை எண்ணெய் மில், செய்யூர் பக்கம் சவுக்குத் தோப்பு, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலைப் பார்த்தபடி ஒரு வீடு. ஊருக்குத் திரும்பிய யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போன பழைய அமெரிக்கக் காரை வாங்கியிருந்தார். படகு நீளம். வானத்து நீலம். டேஷ்போர்டுக்குக் கீழே ஏ.சி. பெட்டி. முதலாளிக்கு வேர்க்குரு சித்திரையில் வந்தால் ஐப்பசி மழைக்குத்தான் போகும். அந்த உடம்புக்காகவே வாங்கிய வண்டி அது.

வண்டியை ஓட்டியவன் எல்லப்பன். சதுரங்கப்பட்டினம் பக்கத்துக் குப்பத்துக்காரன், என் வயதுதான். அவனைப்போலக் காரைத் துடைத்த ஆளை நான் பார்த்ததில்லை.

ஒருநாள் முதலாளி எல்லப்பனோடு ஷெட்டுக்கு வந்து இறங்கினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பாய், இந்த வண்டியில எங்கியோ ஒரு கள்ள ஸ்விட்ச் இருக்குது. கண்டுபுடிச்சுக் குடுங்க" என்றார்.

"கள்ள ஸ்விட்சா?"

"மில்லுக்குப் போற வழியில ஏ.சி. நின்னு போவுது. காத்து வருது, ஆனா சூடா வருது. கொஞ்சம் போனா தானா திரும்பவும் ஜில்லுன்னு ஆவுது. என் மச்சினன் சொல்றான், டிரைவர் ரகசியமா ஒரு ஸ்விட்ச் வெச்சு அணைக்கிறான், ஏ.சி. குடிக்கிற பெட்ரோலை மிச்சம் புடிச்சு வெளிய விக்கிறான்னு."

பெட்ரோல் விலை திடீரென்று எகிறி, காரை வீட்டில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் போவதைப் பெரிய மனிதர்களே நாகரிகமாக நினைக்க ஆரம்பித்திருந்த சமயம். யார்மேல் வேண்டுமானாலும் பெட்ரோல் சந்தேகம் வரும். எல்லப்பன் தோளில் துடைக்கிற துணியோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். முதலாளி அவனை வைத்துக்கொண்டேதான் இதையெல்லாம் சொன்னார். அவன் காரின் கண்ணாடியில் இல்லாத அழுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பாய் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். அவனிடம்தான் கேட்டார்.

"எல்லப்பா, எப்ப நல்லா கீது?"

"வெள்ளிக்கெழம பூஜ போட்டேன்னா ரெண்டு மூணு நாளு ஜோரா கீது பாய். அப்பால போகப்போக பேஜாரு பண்ணுது. புதன், வியாழன் ஆச்சுன்னா நின்னு நின்னு வருது."

நான் சும்மா இருப்பேனா? "பாய், பல்ப தூக்கிப் போட்டுட்டு ஒரு பூசாரிய வேலைக்கி வெச்சுக்கலாம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சிரித்தார். எல்லப்பன்கூடச் சிரித்தான். பாய் மட்டும் சிரிக்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏ.சி. எப்படி வேலை செய்கிறது என்று இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்கு முன்பக்கம் கம்ப்ரஸர் என்று ஓர் உருண்டை இருக்கும். குளிரை உண்டாக்குவது அதுதான். அதன் முகத்தில் உள்ள சக்கரத்தை பெல்ட் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும்; ஆனால் கம்ப்ரஸர் சும்மா இருக்கும். ஸ்விட்சைப் போட்டால் ஒற்றை வயர் வழியாகக் கரண்ட் போய், உள்ளே ஒரு காந்தம் 'டக்' என்று சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் குளிர். விட்டால் வெறும் காற்று.

பாய் ஃபியூஸைப் பார்த்தார், ஸ்விட்சைப் பார்த்தார், குளிர் அளவு வைக்கும் தெர்மோஸ்டாட்டைப் பார்த்தார். சீட்டைத் தூக்கி, கார்ப்பெட்டை உரித்து, கள்ள ஸ்விட்ச் இருக்கிறதா என்றும் தேடினோம். வேர்க்கடலைத் தோல்தான் கிடைத்தது. எஞ்சினை ஓட விட்டால் 'டக்' என்று பிடித்து ஐஸாகக் கொட்டியது.

"கோளாறே இல்லன்னா அப்ப அவன்தான்" என்றார் முதலாளி.

"கோளாறு இல்லன்னு நான் சொல்லல மொதலாளி. எங்கிட்ட காட்ட மாட்டேங்குது, அவ்ளோதான். புதங்கெழம நானே வூட்டுக்கு வரேன். உங்க சீட்டுல நான் உக்காந்து போவணும்."

"என் சீட்டுலயா?"

"அங்க உக்காந்தாதானே உங்களுக்கு வேர்க்குது."

முதலாளி கொஞ்சம் யோசித்து, சரி என்றார். ஆனால் போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனார்: "புதன்கிழமை சாயங்காலம் எனக்கு ஒரு பதில் தெரியணும். மச்சினன் வேற டிரைவரப் பாத்து வெச்சிருக்கான்."

காரை எங்களிடம் விட்டுவிட்டு முதலாளி பக்கத்துத் தெருவில் யாரையோ பார்க்கப் போய்வந்த இடைவெளியில், நானும் எல்லப்பனும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அவன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தான்.

"வேலை போனா போவுது, கடல் கீதே உனுக்கு" என்றேன் ஆறுதலாக. ஆறுதல் சொல்வதில் எனக்கு இருக்கும் திறமை அவ்வளவுதான்.

"அதான் அண்ணாத்த இல்ல" என்றான். "குப்பத்துல பொறந்துட்டு கடல்ல வாந்தி எடுக்குறவன் நான் ஒருத்தன்தான். அல தாண்டறதுக்குள்ள கொடலு வெளிய வந்துடும். எங்க நைனா எத்தினியோ வாட்டி இட்டுகினு போய்ப் பாத்தாரு. 'எல்லப்பன் மீன் புடிக்கப் போவல, மீனுக்கு நாஸ்தா போடப் போறான்'னு பொம்பளைங்ககூட சொல்லி சிரிப்பாங்க. ஒருத்தனும் பொண்ணு தரல. இந்த வண்டிய எடுத்துகினு குப்பத்துக்குள்ள போனேன் பாரு, அன்னிக்குத்தான் சிரிப்பு நின்னுச்சு. பசங்கள்லாம் ஜன்னல்ல கைய வுட்டு காத்த புடிச்சுப் பாத்தானுங்க. அப்பாலதான் எனுக்குக் கல்யாணமே ஆச்சு."

 டீக்குக் காசை நான் கொடுத்தேன்.

புதன்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து, பாயும் நானும் கடலோர வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். முதலாளி வராந்தாவில் நின்று, "சாயங்காலத்துக்குள்ள வந்து சொல்லுங்க" என்று வண்டியை எங்களிடம் விட்டுவிட்டார். பாய் பானெட்டைத் திறந்தார். கம்ப்ரஸருக்குப் போகும் ஒற்றை வயரில், கடைசி இணைப்புக்கு ஒரு சாண் முன்னால், ஊசியால் குத்தி ஒரு நீள வயரை முடிந்தார். அதை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து பல்பில் சேர்த்து, பல்பின் இன்னொரு வயருக்கு எர்த் கொடுத்து, முன்சீட்டில் இருந்த என் மடியில் வைத்தார்.

"ஏ.சி. நிக்கிற நேரத்துல இது எரியுதா, அணையுதான்னு மட்டும் பாரு. வேற எதையும் பாக்காத. தூங்காத."

பாய் பின்சீட்டில் முதலாளியின் இடத்தில் சாய்ந்துகொண்டார். எல்லப்பன் ஓட்டினான். கடற்கரைச் சாலையில் தெற்கே போனோம். ஒரு பக்கம் சவுக்கு, இன்னொரு பக்கம் கடல். என் வாழ்க்கையில் அதற்கு முன் நான் அவ்வளவு குளிர்ந்ததில்லை. மடியில் ஒரு பல்பு, முகத்தில் ஜில் காற்று. தூங்காதே என்று சொன்னவரின் அருமை அப்போதுதான் புரிந்தது. கண் சொக்கும்போது முகத்தில் வெதுவெதுவென்று அடித்தது.

"நின்னுச்சு பாய்" என்றான் எல்லப்பன்.

"ஏகா, லைட்டு?"

"எரிது பாய்."

"எல்லப்பா, ரெண்டு கையும் எங்க?"

"ஸ்டீரிங்லதான் கீது பாய்."

"எடுக்காத. அப்பிடியே ஓட்டு. ஏகா, இப்ப?"

"எரிஞ்சுகினேதான் கீது பாய்."

பின்சீட்டில் பாய் மெல்ல மூச்சு விட்டது கேட்டது. யாராவது ஸ்விட்சை அணைத்திருந்தால் என் மடியில் இருந்த பல்பும் அணைந்திருக்க வேண்டும். அது எரிந்தது. அப்படியென்றால் கரண்ட் அந்த வயரின் கடைசி சாண்வரை ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு கம்ப்ரஸர்தான். டிரைவரின் கை எட்டக்கூடிய இடமே இல்லை.

"இன்னா பாய் சொல்லுது லைட்டு?" என்றான் எல்லப்பன்.

"நீ திருடன் இல்லன்னு சொல்லுது."

அவன் வண்டியை ஓரம் கட்டினான். கதவைத் திறந்து, எங்களைப் பார்க்காமல் சவுக்குத் தோப்புக்குள் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ஒதுங்கப் போகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். வெகுநேரம் திரும்பாததால் பாய் என்னை அந்தப் பக்கம் பார்க்கவேண்டாம் என்று சைகை காட்டினார். நாங்கள் பானெட்டைத் திறந்தோம்.

கடைசி சாண் வயர் கம்ப்ரஸரின் மண்டையில் போய் ஒரு பித்தளை நாக்கில் செருகியிருக்கவேண்டும். அந்த இடத்தில் ஒரு பெரிய சந்தனப் பொட்டும் அதன் நடுவில் குங்குமமும்தான் தெரிந்தன. ஷெட்டிலும் அது இருந்தது. நாங்கள் இருவரும் பார்த்தோம். பொட்டு என்று பார்த்தோம், இணைப்பு என்று பார்க்கவில்லை. பாயின் பல்பு அந்த வண்டியில் போகாத ஒரே இடம் அதுதான்.

பாய் கையை நீட்டினார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நீ எடுடா. நான் எடுத்தா நல்லா இருக்காது."

நான் நகத்தால் சுரண்டி எடுத்தேன். பழக்க தோஷத்தில் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எஞ்சின் சூட்டில் இருந்த சந்தனம் இமையைப் பொசுக்கியது. வயரை இழுத்தால், விரலோடு வந்துவிட்டது. உள்ளே வாரா வாரம் வைத்த சந்தனம், சுண்ணாம்பு டப்பாவின் அடியில் காய்ந்து கிடப்பதைப்போல இறுகிக் கிடந்தது. அதைச் சுற்றி பச்சைக் களிம்பு. வயருக்கும் நாக்குக்கும் நடுவில் உண்மையான உலோகத் தொடுப்பு ஒரு கடுகளவுதான் மிச்சம் இருந்திருக்கும். வண்டி ஓடிச் சூடேறினால் விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும்.

"வெள்ளிக்கெழம ஏன் பாய் நல்லா ஆவுது?" என்றேன்.

பாய் கட்டைவிரலால் அந்த வயரின் தலையை அழுத்திக் காட்டினார். பொட்டு வைப்பது போல. அவ்வளவுதான். எல்லப்பன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சந்தனத்தை வைக்கும்போது வயரையும் சேர்த்து அழுத்தியிருக்கிறான். அந்த அழுத்தத்தில் இரண்டு மூன்று நாள் ஓடியிருக்கிறது. கெடுத்ததும் அந்த விரல்தான், ஓட்டியதும் அந்த விரல்தான்.

கோளாறு கிடைத்த சந்தோஷம் எனக்கு. பாய் முகத்தில் அது இல்லை. முன்சக்கரத்துக்கு மேலிருந்த ஃபெண்டர் தகட்டில் கையை ஊன்றிக்கொண்டு கடலைப் பார்த்தார்.

"இத்த போய் இன்னான்னுடா சொல்றது?"

"நடந்தத சொல்லிடலாமே பாய்."

"எப்பிடி? ஒண்ணுமே இல்லாததுக்கு ஸ்விட்ச் தேடுன ஆளு அவரு. இவன் கையாலதான் கெட்டுதுன்னு தெரிஞ்சா சும்மா விடுவாரா? அதும் யாரு போய் சொல்றது, நானு. சாமிக்கி வெச்ச சந்தனத்தாலதான் கெட்டுதுன்னு ஒரு பாய் சொன்னான்னு ஊருல பேச்சாவும்."

"அப்ப நான் சொல்றேன். எம்பேரே ஏகாம்பரம்."

"நீ சொன்னா யாருடா நம்புறது? ஜோக்குன்னு நெனச்சுப்பாங்க."

நான் பல்பின் வயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

பாய் களிம்பை விரலால் தடவிப் பார்த்தார். "உப்புக்காத்து" என்றார். "கடல் ஓரத்து வண்டி. உப்புல அரிச்சுடுச்சு. யாரு மேலயும் தப்பு இல்ல. இதான் சொல்லப்போறேன்."

"பொய்யா பாய்?"

"பச்ச களிம்பு கீதா இல்லியா? அதுல உப்பும்தான் கீது. பாதிதான் பொய்யி."

பிளேடால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இடுக்கியால் வயரின் வாயை நெருக்கிச் செருகினோம். சைக்கிள் ட்யூப்பில் ஒரு துண்டு வெட்டி உறைபோல மாட்டி, கிரீஸால் மூடினார் பாய். இனி எவ்வளவு சந்தனம் வைத்தாலும் உள்ளே இறங்காது. "நாம மூடிட்டோம். அவன்கிட்டயும் சொல்லவேணாம். சொன்னா மனசு நொந்துக்குவான்" என்றார். அப்புறம் ஒன்று செய்யச் சொன்னார். ரேடியேட்டர் மேல் இருந்த பொட்டிலிருந்து கொஞ்சம் சந்தனத்தைக் கிள்ளி, தண்ணீர் தொட்டு, அந்த ரப்பர் உறையின்மேல் நான் திரும்பவும் ஒரு பொட்டு வைத்தேன்.

எல்லப்பன் முகம் கழுவிக்கொண்டு வந்தான். பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தான். எல்லாம் இருந்தபடியே இருந்தது.

வீட்டில் முதலாளி எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பாய் பல்பு எரிந்ததைச் சொன்னார். உப்புக்காற்றைச் சொன்னார். முதலாளிக்கு நிஜமாகவே பாரம் இறங்கியது. அவரும் கெட்ட மனிதர் இல்லை. "எல்லப்பா, மச்சினன் பேச்சைக் கேட்டு உன்ன நான் தப்பா நெனச்சுட்டேன்டா" என்று வாய்விட்டுச் சொன்னார். அந்தக் காலத்தில் முதலாளிகள் வாயிலிருந்து வராத வார்த்தை அது. எல்லப்பன் அவர் காலில் விழுந்தான். எழுந்து பாயின் காலிலும் விழப் போனான். பாய் பின்னால் நகர்ந்து எதிலோ முட்டிக்கொண்டார்.

"ஏன் பாய், இந்த உப்பு திரும்பவும் வருமா?" என்று கேட்டார் முதலாளி.

"கடலோரமா கீற வரைக்கும் வரும் மொதலாளி. பாத்துகினே இருக்கணும்."

தொழில் விஷயத்தில் பாய் ஒருநாளும் தவறாகச் சொன்னதில்லை. உப்பைப் பற்றிக் கேட்டார்கள், உப்பைப் பற்றி உண்மையைச் சொன்னார். முதலாளி தலையை ஆட்டிக்கொண்டார். நாங்கள் காபி குடித்துவிட்டு பஸ் ஏறினோம். வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன். ஒருத்தன் வேலையைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

அந்தக் கோடை முழுக்க அந்த ஏ.சி. ஒருமுறைகூட நிற்கவில்லை. எல்லப்பன் ஷெட்டைக் கடக்கும்போதெல்லாம் ஹாரன் அடித்துவிட்டுப் போவான். மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஹாரன் சத்தம் நின்றது. சில நாள் கழித்து முதலாளி மில் ஜீப்பில் வந்து இறங்கினார். டைனமோ சார்ஜ் ஏறவில்லை என்றார்.

"காரு எங்க மொதலாளி?" என்றார் பாய்.

"குடுத்துட்டேன் பாய். கோயம்புத்தூர் பக்கத்து ஆளு."

"நல்லாதானே ஓடிகினு இருந்துச்சு?"

"நல்லா ஓடும்போதே குடுத்துடணும்னு மச்சினன் சொன்னான். பெட்ரோல் விலையும் இப்பிடி. வேற எந்தக் கோளாறா இருந்தாலும் ரிப்பேரு பண்ணிகினு வெச்சிருப்பேன் பாய், எனக்கும் மனசே இல்ல. உப்புக்கு நான் இன்னா பண்றது? வூட்டைத் தூக்கிகினு போய் கடலே இல்லாத கருங்குழியில வெக்க முடியுமா?"

பாய் டைனமோவைக் கழற்றிக்கொண்டே கேட்டார், "எல்லப்பன்?"

"வண்டியே இல்ல, டிரைவர் எதுக்கு? ஜீப்புக்கு மில்லுல ஆள் இருக்கான். நல்ல பையன் பாய். வெள்ளிக்கிழமை தவறாம வண்டிக்குப் பூஜை போடுவான். எஞ்சின்ல எங்கயும் ஒரு இடம் விடமாட்டான், சந்தனமா அப்பி வெப்பான். எம் பொஞ்சாதி அதுக்கே சிரிப்பா. அவன அனுப்பும்போதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு."

பாய் கையில் இருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது. யார்மேலும் பழி விழாத ஒரு காரணத்தைத் தேடி எடுத்தோம். யாராலும் சரிசெய்ய முடியாத ஒரே காரணம் அதுதான் என்பது அன்று ஜீப் பக்கத்தில் நிற்கும்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது. அந்த மனிதருக்குச் சந்தனம் தெரிந்தே இருந்திருக்கிறது. அவர் வீட்டில் அதைப் பற்றிச் சிரித்திருக்கிறார்கள்.

அதன்பிறகு ஷெட்டுக்கு வரும் ஒவ்வொரு கார்க்காரரிடமும் பாய் எல்லப்பனுக்கு வேலை கேட்டார். டாக்டரிடம் கேட்டார், ஓட்டல்காரர்களிடம் கேட்டார். பெட்ரோல் விலைக்குப் பயந்து எல்லோரும் இருக்கும் டிரைவரையே குறைத்துக்கொண்டிருந்தார்கள். "பழைய எடத்துல ஏன் நின்னுட்டான்?" என்று கேட்டவர்களிடம் உப்பைப் பற்றி விளக்கினால், விசித்திரமாகப் பார்த்தார்கள்.

தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் குப்பத்துக்குப் போனோம். ஒரு வேலையும் கிடைக்கவில்லை என்று சொல்வதற்காகப் போனோம் என்றால் நம்பமாட்டீர்கள், அதற்குத்தான் போனோம். கரையில் பெரிய வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். படகு கடலில் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வந்துவிடும். கரையில் இரண்டு வரிசையாக நின்று கயிற்றை இழுக்கவேண்டும். கடலுக்குள் போகமுடியாத வயசானவர்கள் அந்த வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் எல்லப்பன்.

எங்களைப் பார்த்ததும் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்தான். கை தோல் உரிந்திருந்தது. ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னா பாய், இம்மாந்தூரம்?"

பாய் வேலை விஷயத்தைச் சொன்னார். "பரவால்ல பாய்" என்று அவன் எங்களுக்கு ஆறுதல் சொன்னான். "நீங்க அன்னிக்கு வந்ததாலதான் திருடன்ற பேரு இல்லாம வெளிய வந்தேன். அது போதும். நீங்க சொன்னது கரெக்டு பாய், எல்லாம் உப்புதான். ஆனா ஒண்ணு, நான் வாரம் தவறாம அந்த கம்ப்ரஸருக்குப் பொட்டு வெச்சேன்ல, அதனாலதான் உப்புக்கு அத்தினி நாளு தாக்குப் புடிச்சுது. வண்டி வாங்குனவரு டிரைவர்கிட்ட யாராச்சும் சொல்லணும் பாய். அவன் வெக்கலன்னா நின்னுடும்."

பாய் வாயைத் திறந்தார். சொல்லிவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

அதற்குள் கயிற்று வரிசையிலிருந்து ஒரு கிழவர் கத்தினார்: "இன்னாடா எல்லப்பா, கரையிலயே தல சுத்துதா? அப்பிடியே நின்னுட்ட?" வரிசை முழுக்கச் சிரித்தது. எல்லப்பனும் அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டே, "வரேன் பெர்சு" என்று திரும்பிப் போய்க் கயிற்றைப் பிடித்தான்.

பாய் செருப்பைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு, போய் அவனுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தார். நானும் பிடித்தேன். எங்கள் இழுவையால் வலை ஓர் அங்குலமாவது வந்திருக்கும் என்று சொல்லமாட்டேன். வந்த மீனும் கொஞ்சம்தான். அதிலும் எல்லப்பன் எங்களுக்கு ஒரு ஓலையில் சுற்றிக் கொடுத்தான்.

பஸ் வருவதற்கு நேரம் இருந்தது. ரோட்டோரம் மைல் கல்லில் உட்கார்ந்துகொண்டு பாய் கயிறு அறுத்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதலாளிகிட்ட நடந்தத சொல்லியிருக்கலாம்டா" என்றார்.

"சொல்லியிருந்தா இன்னா பாய் ஆயிருக்கும்?"

"சிரிச்சிருப்பாரு. 'டேய் எல்லப்பா, இனிமே ரெண்டு வெரக்கட தள்ளி வெய்டா'ன்னு திட்டிட்டு, அடுத்த நாளே மில்லுக்குக் கெளம்பியிருப்பாரு. இவன்தான் ஓட்டிகினு போயிருப்பான்."

மீன் சுற்றிய ஓலையை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். பஸ் வந்தது.